பொறு என்னும் சைகை

மார்ச் மாதம் முதல் வாரத்தில் நான் ஒரு சூப்புக் கிண்ணத்தை உடைத்தேன். மதரிடம் சொல்லாமல் துண்டுகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் குப்பையில் போட்டுவிட்டேன்.

இதிலிருந்து தொடங்குவதை நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், தம்பி பாலேந்திரா. எங்கள் மடத்தில் வெள்ளிக்கிழமைதோறும் காலைப் பூசைக்குப் பிறகு வட்டமாக முழந்தாளிட்டு அந்த வாரத்துக் குற்றங்களைச் சொல்லுவோம். பாவசங்கீர்த்தனம் வேறு, அது பூசை வைக்கும் சுவாமியின் காதுக்கு மட்டும். இது எல்லோருக்கும் கேட்கச் சொல்வது. மற்ற மடங்கள் இந்த வழக்கத்தை எப்போதோ கைவிட்டுவிட்டன, நாங்கள் விடவில்லை. சின்னக் குற்றத்தில் தொடங்கிப் பெரியதற்குப் போக வேண்டும் என்பது ஒழுங்கு. ஆகவே இன்ஸ்பெக்டருக்காக இதை ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது கிண்ணத்தை விட்டுவிடாதீர்கள். அவருக்கு அது வேண்டாத கதையாகத் தோன்றலாம்.

நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்று அவர் ஒரு அட்டையைப் பார்த்து வாசித்தார், நீங்கள் அதைத் தமிழில் சொன்னீர்கள். நன்றாகச் சொன்னீர்கள், ஒரு சொல்லும் விழவில்லை. எனக்கென்று வந்த வழக்கறிஞரும் வாய் திறக்காமல் இருப்பதே நல்லது என்றார். மீன்குஞ்சுக்கு நீந்தக் கற்றுத் தருகிறார், பாவம். பதினேழு வருஷமாக நான் செய்து பழகியது அதைத்தான். இந்தமுறை எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். தமிழில் எழுதலாமா என்று கேட்டேன். எழுதலாம், அது என் உரிமை என்றார்கள். தாளும் பேனாவும் தந்தது நீங்கள்தான்.

என் பெயர் சிஸ்டர் இம்மாகுலேற். ஊர் யாழ்ப்பாணத்தில் பாஷையூர், அப்பா கடற்றொழிலாளி. தாதியாகப் படித்துவிட்டுத் துறவறம் புகுந்தேன். 1974இல் லண்டனில் உள்ள இந்த மடத்துக்கு அனுப்பப்பட்டேன். வயதான கன்னியர்களைப் பார்க்க ஒரு தாதி வேண்டுமென்று கேட்டிருந்தார்களாம். மடம், மிச்சம் என்ற ஊருக்குப் பஸ் போகும் தெருவில்தான் இருக்கிறது. உயரமான மதிலைத் தாண்டி ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. இப்போது எட்டுப் பேர் இருக்கிறோம். போன மாதம் வரைக்கும் ஒன்பது பேர்.

மடம் என்றால் அமைதியான இடம் என்று வெளியில் நினைக்கிறார்கள். எங்கள் இரண்டு சிஸ்டர்மார் பீடத்தில் வைக்கும் பூச்சாடி விஷயத்தில் 1983இல் கோபித்துக்கொண்டு இன்றுவரைக்கும் முகம் பார்ப்பதில்லை. பழைய ஒழுங்குகளை எல்லாம் விட்டுவிடலாம் என்று பாதிப் பேர், ஒன்றையும் விடக் கூடாது என்று மீதிப் பேர். மடத் தலைவி மதர் வினிஃப்ரெட்டுக்கு எண்பத்தொரு வயது, காது கேட்காது. கேட்காமல் இருப்பது அவருக்கு வசதியாகவும் இருந்தது. வெள்ளிக்கிழமைக் குற்ற அறிக்கையில் தன் குற்றத்தை ஒரு வரியிலும் அடுத்தவள் குற்றத்தைப் பத்து வரியிலும் சொல்வார்கள். நான் மட்டும் யாரையும் குற்றம் சொன்னதில்லை. இதைப் பெருமைக்காக எழுதவில்லை, கேட்டால் அவர்களே சொல்வார்கள்.

எங்கள் மடத்தில் இரண்டு விஷயங்கள் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதலாவது, ‘என்னுடையது’ என்ற சொல் எங்களுக்கு இல்லை. செருப்பு, சீப்பு, மருந்து, எல்லாம் ‘நம்முடையது’. மருந்துகள் நோயாளர் அறையில் ஒரு அலுமாரியில் இருக்கும். அதைப் பூட்டித் திறக்கும் திறப்பு தாதியாகிய என் இடுப்பில் இருக்கும். இரண்டாவது, ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழன் மாலை தொடங்கி உயிர்ப்புப் பூசை வரைக்கும் ஒருவரும் ஒரு சொல்லும் பேசக் கூடாது. அந்த நாட்களில் கைச் சைகைதான். இரண்டு விரலை மணிக்கட்டில் வைத்தால் மருந்து. கைகளைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டால் குளிர். உள்ளங்கையைக் கீழே பார்க்கப் பிடித்தால் பொறு. இந்தச் சைகைகள் அறுநூறு வருஷத்துக்கு முந்தியவை.

அறுநூறு என்று வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. இந்த இடத்தில் பழைய காலத்திலும் ஒரு கன்னியர் மடம் இருந்தது. அதில் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு கற்சுவர். எங்கள் நோயாளர் அறை அதில் சாய்த்துக் கட்டப்பட்டது. மாதம் ஒரு சனிக்கிழமை அந்தச் சுவரைப் பார்க்க வெளியாட்கள் வருவார்கள். மற்ற சிஸ்டர்மாருக்கு முழங்கால் ஏலாது என்பதால் விளக்கம் சொல்வது என் வேலை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தாள் உண்டு. 1347இல் ஆயரின் ஆள் ஒருவர் மடத்தை விசாரிக்க வந்து எழுதிய குறிப்பின் பிரதி அது.

அந்த வருஷம் பெரிய சனிக்கிழமை அன்று அலிஸ் என்ற இளம் கன்னிகை நோயாளர் அறையில் இறந்து கிடந்தாள். காயம் இல்லை, நஞ்சுக்கு அடையாளம் இல்லை. மடத்தை விட்டுப் போக வேண்டும் என்று அவள் அதற்கு முன் இரண்டு தடவை கேட்டிருந்தாள். அவளுடைய தலைமயிர் புதிதாக வெட்டப்பட்டிருந்தது, முக்காடு ஏழு குண்டூசிகளால் ஒழுங்காகக் குத்தப்பட்டிருந்தது என்று அந்த மனிதர் குறித்திருக்கிறார். எல்லாக் கன்னியரையும் விசாரித்தார். ஒவ்வொருத்தியும் இன்னொருத்தியைக் காட்டினாள். தாதி மட்டும் மௌன நாள் என்று சைகை காட்டிவிட்டு ஒன்றும் பேசவில்லை. அவரும் அதை மதித்து அடுத்தவளிடம் போய்விட்டார். குற்றவாளி இன்னார் என்று கடைசிவரை எழுதப்படவில்லை.

வருகிறவர்களுக்கு இந்தக் கதை பிடிக்கும். தலைவிதான் செய்தாள் என்பார்கள், தோட்டக்காரன் என்பார்கள், ஆயரின் ஆளே செய்திருப்பான் என்று ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் அடித்துச் சொன்னார். நான் சிரித்துக்கொண்டு அடுத்த கல்லைக் காட்டுவேன். எனக்கு முதல் வாசிப்பிலேயே தெரிந்துவிட்டது. ஒரு பெண்ணை வெறுத்துக் கொல்கிறவள் அதன்பிறகு உட்கார்ந்து ஏழு ஊசி குத்தமாட்டாள். பிள்ளை போல வைத்துப் பார்த்தவள்தான் அதைச் செய்வாள். இதை நான் ஒரே ஒருத்தியிடம் சொன்னேன், அதுவும் தமிழில்.

அவள்தான் பியற்றிஸ்.

1984இல் பங்குச் சுவாமி மதருக்குத் தொலைபேசி எடுத்தார். விமான நிலையத்தில் ஒரு யாழ்ப்பாணப் பிள்ளை தனியாக வந்து நிற்கிறது, ஆங்கிலம் வரவில்லை, உங்கள் தாதியை அனுப்புங்கள் என்றார். போனேன். இருபத்தொரு வயது, இளவாலைப் பக்கம், ஒரு துணிப்பை, கழுத்தில் செபமாலை. என்னைக் கண்டதும் கேட்டாள்:

“சிஸ்டர், நீங்கள் தமிழோ?”

“ஓம் பிள்ளை” என்றேன்.

அந்த ‘ஓம்’ என்ற சொல்லை நான் வாயால் சொல்லிப் பத்து வருஷம் ஆகியிருந்தது. செபம் தமிழில் சொல்வேன், ஆனால் செபத்துக்கு மறுமொழி வராது. அதற்கு முன் சில நாள் குசினியில் சூப்புக்குக் கோவா அரியும்போது அந்தக் கோவாவோடு கதைத்திருக்கிறேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தத் தாளில் ஒளிக்கக் கூடாது என்று நேர்ந்துகொண்டுவிட்டேன்.

மடத்து விருந்தினர் அறையில் அவளைத் தங்கவைத்தார்கள். மூன்று மாதம் என்றார்கள், ஆறு மாதமாயிற்று. ஒருநாள் தானும் சேரப்போவதாகச் சொன்னாள். நான் தூண்டினேன் என்று, பொலிஸுக்குப் போன குகதாசன் இப்போது சொல்வதாகக் கேள்விப்பட்டேன். தூண்டவில்லை. வெளியே தனிப் பெண்ணுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எடுத்துச் சொன்னேன், அவ்வளவுதான். 1988இல், ஆயுளுக்கும் கன்னிகையாக இருப்பதாகக் கடைசி வார்த்தைப்பாடு கொடுத்தாள். அன்று அவளுடைய தலைமயிரை வெட்டியது நான். முக்காடு குத்தியதும் நான்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் எங்களுக்கு நாற்பது நிமிஷம் பேச்சு நேரம் உண்டு. மற்றவர்கள் காலநிலையைப் பற்றிக் கதைப்பார்கள். நாங்கள் இரண்டு பேரும் யன்னலோரம் இருந்து எங்கள் பாட்டில் கதைப்போம். அவள் என்னைச் சபையில் சிஸ்டர் என்பாள், யன்னலோரத்தில் அக்கா என்பாள், அவசரத்தில் இரண்டையும் சேர்த்து ‘சிஸ்டர் அக்கா’ என்பாள். என்ன கதைத்தோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மீன்குழம்புக்குப் பழப்புளியா எலுமிச்சையா என்று மூன்று நாள் சண்டை பிடித்திருக்கிறோம். அதைச் சாப்பிடுவதற்கு வழியில்லை, சண்டை பிடிக்க வழி இருந்தது. நான் சந்தோஷமாக இருந்தேன், தம்பி.

அலிஸின் கதையையும் அந்த யன்னலோரத்தில்தான் சொன்னேன். தாதிதான் செய்தாள், அன்பினால் செய்தாள் என்றேன். ஓடிப்போன கன்னிகை என்று ஊர் தூற்றாமல், வார்த்தைப்பாடு முறியாமல், ஆண்டவரின் மணவாட்டியாகவே அவளை அனுப்பிவைத்தாள் என்று விளக்கினேன். பியற்றிஸ் சுவரைப் பார்த்துச் சொன்னாள்:

“பாவம் அந்தப் பெட்டை. ஒருத்தரும் கதவைத் திறந்து விடேல்லையே, அக்கா.”

அவள் தாதியின் பக்கம் நின்று யோசிப்பாள் என்று நான் எதிர்பார்த்தேன். சின்னப்பிள்ளை, விளங்கவில்லை என்று விட்டுவிட்டேன்.

ஊரிலிருந்து சனம் வரவர அவளை வெளியே அனுப்பத் தொடங்கினார்கள். வக்கீல் அலுவலகம், கவுன்சில், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் மொழிபெயர்க்கப் போவாள். இல்ஃபோர்ட் போவாள், வெம்பிளி போவாள். நான் போக முடியாது, தாதி வீட்டை விட்டு அகலக் கூடாது. வந்ததும் யார் யாரைக் கண்டேன், என்ன கதைத்தேன் என்று எனக்குச் சொல்வாள். பிறகு குறையக் குறையச் சொன்னாள்.

இந்த வருஷம் மாசி மாதம் ஒருநாள் அவள் என்னைத் தாண்டிப் போகும்போது தேங்காயெண்ணெய் மணந்தது. எங்கள் தலையில் எண்ணெய் வைக்க என்ன இருக்கிறது? மாதம் ஒருமுறை ஒட்ட வெட்டிவிடுவோம். அவளுடையதை வெட்டுவது என் முறை. ஆனால் ஒரு வருஷத்துக்கு மேலாக, தானே வெட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாள். நோயாளர் அறைக்குக் கூப்பிட்டு, முக்காட்டை எடு என்றேன். எடுத்தாள். தோளில் விழுந்தது, கறுத்த, அடர்ந்த மயிர். எண்ணெய் பூசி வாரி, ஒரு ரப்பர் வளையத்தால் கட்டியிருந்தாள்.

“சிஸ்டர் அக்கா, கோவிக்காதேங்கோ. நான் போகப்போறன். வார்த்தைப்பாட்டில இருந்து விடச்சொல்லி ரோமுக்கு எழுதியாச்சு.”

“ஆரோட?”

“குகதாசன் எண்டு. தபால் கந்தோரில கடிதம் பிரிக்கிறவர். சைவக்காரர்தான். ஆனா நல்ல மனிசன்.”

“எப்ப?”

“ஈஸ்டர் முடிஞ்ச செவ்வாய்க்கிழமை ஆயர் வீட்டுக் கடிதம் வரும். அதில கையெழுத்து வைச்சாச் சரி. நான் ஞாயிறு ஞாயிறா வந்து உங்களோட கதைப்பன் அக்கா. ரெண்டு பஸ்தானே.”

எனக்குக் கோபம் வரவில்லை. சைவம், எங்கள் கிறிஸ்தவ வேதம் என்ற பேதமும் நான் பார்ப்பதில்லை. வருகிறேன் என்று சொல்லிப் போகிறவர்கள் முதல் மாதம் வருவார்கள், பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல், பிறகு பஸ் ஓடவில்லை, பிறகு நத்தார் பண்டிகைக்கு ஒரு அட்டை. இதில் அவள் மேல் குற்றம் இல்லை, உலகம் அப்படி. இக்கரைக்கு அக்கரை பச்சை என்று போகிறாள், வார்த்தைப்பாட்டை உடைத்த பாவத்தோடு போகிறாள் என்பதுதான் என் கவலை. அவளுடைய ஆன்மாவுக்காக நாற்பது நாளும் செபித்தேன்.

அவளுக்குத் தொய்வு இருந்தது, இங்கே ஆஸ்மா என்பார்கள். லண்டன் குளிருக்கு வந்த வருத்தம். புகை பட்டால் மூச்சு முட்டிக்கொள்ளும். மடத்துக் கோவிலில் தூபம் போடும் நாட்களில் கடைசி வாங்கில் கதவோரம் இருப்பாள். அந்த இடத்தை மதரிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தது நான். இழுக்கும் பம்ப் ஒன்று உண்டு, இரண்டு இழுப்பில் சரியாகிவிடும். வெளியே போகும் நாட்களில் அதைக் கொடுத்தனுப்புவேன், வந்ததும் வாங்கிப் பூட்டிவைப்பேன். எழுதி வைத்தும் இருக்கிறேன்; அந்தக் கொப்பி இன்ஸ்பெக்டரிடம் இருக்கிறது, கையெழுத்து அழகாக இருக்கும்.

பெரிய சனிக்கிழமை காலை பத்து மணி. மௌனத்தின் இரண்டாம் நாள். மற்றவர்கள் எல்லோரும் கோவிலில் உயிர்ப்புப் பூசைக்குப் பித்தளை மினுக்கிக்கொண்டும் பூ வைத்துக்கொண்டும் இருந்தார்கள். நான் பியற்றிஸை நோயாளர் அறைக்கு வரச் சைகை காட்டினேன். வெந்நீர் வைத்திருந்தேன், சீயக்காய் கரைத்திருந்தேன், வெள்ளைத் துவாய் எடுத்து வைத்திருந்தேன். அவளுக்கு விளங்கிவிட்டது. கலியாணப் பெண்ணுக்குத் தாய் செய்கிற முழுக்கு. அவளுடைய அம்மா ஊரில் குண்டு விழுந்து செத்துப்போனவர், செய்வதற்கு வேறு ஆள் இல்லை. என் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். சத்தம் வராமல்தான் அழுதாள். மௌனத்தை மதிக்கிற பிள்ளை.

தலையை நன்றாகக் கழுவிவிட்டேன். துவட்டினேன். கதிரையில் இருத்தி மயிரைப் பின்பக்கம் விரித்துவிட்டேன். பிறகு சாம்பிராணி போட்டேன்.

முழுகினால் தலைக்குச் சாம்பிராணி பிடிக்க வேண்டும்தானே. ஈரத்தோடு விட்டால் சளி பிடிக்கும். உங்கள் அம்மாவும் உங்கள் அக்கா தங்கைக்குப் பிடித்திருப்பார். கோவிலில் இருந்த கரியை இரும்புச் சட்டியில் போட்டு, கதிரைக்குப் பின்னால் வைத்து, மேலே தூவினேன். அவள் திரும்பிப் பார்த்தாள். கொஞ்சம்தான் என்று விரலால் காட்டினேன். சிரித்துத் தலையாட்டினாள். எனக்காகப் பொறுத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன். சிறிய அறை அது.

கொஞ்ச நேரத்தில் யன்னலைக் காட்டினாள். நான் கைகளைச் சட்டைக்குள் இழுத்துக் காட்டினேன்: குளிர். உண்மையிலேயே அன்று குளிர்தான், நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம். பிறகு இரண்டு விரலை மணிக்கட்டில் வைத்தாள். மருந்து. நான் உள்ளங்கையைக் கீழே காட்டினேன். பொறு. மறுபடி வைத்தாள். மறுபடி காட்டினேன். மூன்றாவது தடவை அவள் விரல்கள் மணிக்கட்டில் நிற்கவில்லை, வழுக்கிப் போயின. எழுந்து அலுமாரிவரைக்கும் போனாள். அது பூட்டியிருந்தது. நான் கதவோரம் நின்றேன். எனக்கும் கண் எரிந்தது.

அவள் ஓடியிருக்கலாம், கத்தியிருக்கலாம் என்று இன்ஸ்பெக்டர் யோசிப்பார். மூச்சு இல்லாதவள் ஓட முடியாது. முதல் சில நிமிஷம் கத்தியிருக்கலாம், அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏழு வருஷமாக நான் ‘பொறு’ என்றால் அவள் பொறுத்திருக்கிறாள், நானும் பிறகு கொடுத்திருக்கிறேன். அவள் என்னை நம்பினாள். கடைசியில் மட்டும் வாய் திறந்தாள்.

“அக்கா” என்றாள்.

அது பெரிய சனிக்கிழமை மௌனத்தை மீறிய குற்றம். தன் குற்றத்தைத் தானே சொல்ல அவளுக்கு வெள்ளிக்கிழமை கிடைக்கவில்லை. அவளுக்காக அதை நான் இங்கே சொல்லிவிடுகிறேன்.

நான் மறுமொழி சொல்லவில்லை. மௌனத்தைக் கடைப்பிடித்தேன்.

பிறகு யன்னலைத் திறந்தேன். சட்டியைத் தோட்டத்தில் கொட்டினேன். அவளைக் கட்டிலில் கிடத்தி, மயிரை ஒட்ட வெட்டி, முகம் துடைத்து, முக்காடு குத்தினேன். எத்தனை ஊசி என்று நீங்கள் கேட்கத் தேவையில்லை. மணி அடித்ததும் மற்றவர்கள் வந்தார்கள். அந்த நேரத்திலும் ஒருவரும் பேசவில்லை. கை அசைவுகளாலேயே எல்லாம் கேட்டார்கள், நானும் கையாலேயே சொன்னேன். மதர் டாக்டருக்கு ஒரு தாளில் எழுதி ஆள் அனுப்பினார். அவர் வந்து, தொய்வு முற்றிவிட்டது என்று எழுதிக் கொடுத்தார். அவர் பேரில் பிழை இல்லை, அது பொய்யும் இல்லை.

புதன்கிழமை குகதாசன் வந்தான். கோட்டுப் போட்டு, கையில் மல்லிகை கிடைக்காமல் ஏதோ வெள்ளைப் பூ வாங்கிக்கொண்டு வந்திருந்தான். சவப்பெட்டிக்குள் குனிந்து பார்த்தான். முக்காட்டு ஓரத்தைத் தொட்டான். பிறகு அந்த முழுச் சபைக்கும் கேட்கத் தமிழில் கத்தினான்:

“எங்க அவளின்ர தலைமயிர்? வியாழக்கிழமை வெம்பிளியில எனக்குக் காட்டினவள். தோள் வரைக்கும் இருந்தது. ஆர் வெட்டினது?”

என்ன சொல்கிறார் என்று மதர் கேட்டார். அவருக்குப் புரியும்படி காதருகே குனிந்து, துக்கத்தில் அழுகிறார் என்று சொன்னேன். அங்கே தமிழ் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவனும் நானும். அதற்குப் பிறகு அவன் பொலிஸுக்குப் போய், தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லி, அதுவும் விளங்காமல் உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மயிர் மருந்தலுமாரியில் பம்புக்குப் பக்கத்தில் ஒரு கடதாசிப் பைக்குள் இருந்தது, எடுத்தார்கள். நான் ஒளித்து வைக்கவில்லை. எறிய மனம் வரவில்லை, அவ்வளவுதான். இன்னும் மணந்துகொண்டிருந்தது.

திடீரென்று அன்று காலை தோன்றியதா, முன்பே யோசித்ததா என்று நேற்று கேட்டீர்கள். இன்ஸ்பெக்டருக்கு அது முக்கியம் என்பது தெரிந்தது, பேனாவை மேசையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அன்று காலை தோன்றியது என்று சொன்னேன். அது சரியல்ல. சாம்பிராணியை வாங்கிவந்தது பியற்றிஸ். துணி அலுமாரி ஈரமணம் அடிக்கிறது, டூட்டிங் கடையில் சாம்பிராணி இருந்தால் வாங்கி வா பிள்ளை என்று மாசி மாதக் கடைசியில் நான்தான் கேட்டேன். நல்லதாகப் பார்த்து இரண்டு பைக்கற் வாங்கிவந்தாள். மார்ச் முதல் வாரத்தில் அவள் இல்ஃபோர்ட் போயிருந்த ஒரு மத்தியானம், நோயாளர் அறை யன்னலைச் சாத்திவிட்டு, புகை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்தேன். நெருப்புக் கரியைப் போட வேறு பாத்திரம் கைக்கு அகப்படாமல் சூப்புக் கிண்ணத்தில் போட்டேன். சூடு தாங்காமல் அது இரண்டாகப் பிளந்துவிட்டது. இருபது நிமிஷம் நின்றது.

அதனால்தான் கிண்ணத்தை விட்டுவிடாதீர்கள் என்றேன். இதோடு என் குற்றம் முழுவதும் சொல்லியாயிற்று. நான்தான் செய்தேன், தெரிந்து செய்தேன், அவளுடைய ஆன்மாவுக்காகச் செய்தேன். அவள் கையெழுத்து வைக்கவில்லை. ஆண்டவருடையவளாகவே போய்ச் சேர்ந்தாள். கதைக்க ஆளில்லாமல் போய்விடுமே என்பதற்காகச் செய்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குகதாசன் அப்படிச் சொன்னதாக நீங்கள் மொழிபெயர்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நாற்பது நிமிஷப் பேச்சுக்காக ஒருத்தி இப்படிச் செய்வாளா?

இன்னும் ஒரு சின்னக் குற்றம் பாக்கி இருக்கிறது, கடைசியில் நினைவு வந்ததால் ஒழுங்கு பிசகிவிட்டது. ஆங்கிலம் வராது, மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் முடியாது என்று முதல் நாள் பொலிஸில் சொன்னேன். அது பொய். பதினேழு வருஷம் இந்த நாட்டில் தாதியாக இருக்கிறேன். அட்டையைப் பார்த்து அவர் வாசித்தது எனக்கு முதல் தடவையிலேயே விளங்கியது. நீங்கள் மறுபடி சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் வடமராட்சிப் பக்கம் என்று நினைக்கிறேன், கேட்க நன்றாக இருந்தது.

வழக்கறிஞர் காலையில் வந்தார். நான் குற்றத்தை ஒப்புக்கொண்டால் நீதிமன்றத்தில் ஒரே நாளில், ஒரு மணித்தியாலத்தில்கூட, எல்லாம் முடிந்துவிடுமாம். இல்லை என்று சொன்னால் வழக்கு நடக்கும், மூன்று வாரமாவது போகும் என்றார். அந்த மூன்று வாரமும் காலையிலிருந்து மாலைவரை ஒரு மொழிபெயர்ப்பாளர் என் பக்கத்தில் இருந்து, அங்கே பேசுகிற ஒவ்வொரு சொல்லையும் என் காதுக்குள் தமிழில் சொல்வாராம். அது சட்டமாம். எழுதியதை எல்லாம் வாசித்துப் பார்த்துவிட்டேன், பிழை இல்லை, கீழே கையெழுத்தும் வைக்கிறேன். ஆனால் இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிடுங்கள், தம்பி. நான் குற்றவாளி இல்லை என்றுதான் சொல்லப்போகிறேன். அதற்கு உங்களையே அனுப்ப முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.